மாஸ் எஃபெக்ட் 3: அந்தக் கடைசிப் பத்து நிமிடம்

வாசகர் ஒருவர் எழுப்பிய கேள்வி, 11 ஜூன் 2021
மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி வீடியோ கேமின் மூன்று பாகத்தையும் புதுப்பித்துச் சேர்த்த லெஜண்டரி எடிஷன் வாங்கி ஒரே மூச்சில் முடித்தேன். முடிவு நன்றாகத்தானே இருக்கிறது? 2012-இல் எதற்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம்? நாயகன் செத்தால் தாங்காதவர்கள் போட்ட கூச்சல் என்றுதான் தோன்றுகிறது.

11 ஜூன் 2021, இரவு 10.40
நீங்கள் பார்த்த முடிவும் நாங்கள் 2012 மார்ச்சில் பார்த்த முடிவும் ஒன்றில்லை. லெஜண்டரி எடிஷனில் எக்ஸ்டெண்டெட் கட் சேர்ந்தே வருகிறது. ஆட்டம் வெளியாகி மூன்றரை மாதம் கழித்து, 2012 ஜூன் 26 அன்று ஆட்டத்தைச் செய்த பயோவேர் நிறுவனம் இலவசமாகக் கொடுத்த திருத்தம் அது. நினைவுச் சுவரில், நாம் ஆடும் தளபதி ஷெப்பர்டின் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அட்மிரல் ஹேக்கெட்டின் குரலில் கதை முடிகிறதே, அதெல்லாம் முதலில் கிடையாது.

அப்போது இருந்தது என்னவென்றால், கடைசியில் மூன்று வழி, நீங்கள் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு வெடிப்பு. சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம்தான் மாறும். கப்பல்களை விண்மீன்களுக்கிடையே வீசும் மாஸ் ரிலேக்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும். ஷெப்பர்டின் கப்பல் நார்மண்டி எங்கிருந்தோ எங்கேயோ ஓடி, காடு மண்டிய ஒரு கோளில் விழும். கதவு திறக்கும், கப்பலோட்டி ஜோக்கர் இறங்குவார். அப்புறம் பனியில் ஒரு தாத்தா பேரனுக்குக் கதை சொல்வார். (அந்தக் குரல் நிலவில் இறங்கிய பஸ் ஆல்ட்ரினுடையது.) அது முடிந்ததும் திரையில் ஒரு அறிவிப்பு: ஷெப்பர்ட் பெரும் புகழ் பெற்றுவிட்டார், அந்தப் புகழை மேலும் வளர்க்கக் கூடுதல் பகுதிகளைத் தரவிறக்கி ஆடுங்கள் என்று. சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவன் கையில் கடை நோட்டீஸைத் திணித்த மாதிரி இருந்தது எனக்கு.

சோகம் ஒரு குறையே இல்லை. ஷெப்பர்ட் உயிரோடு திரும்பமாட்டார் என்று ஆட்டத்தின் பாதியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அழத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தோம்.

12 ஜூன் 2021
நேற்று எழுதியது போதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

திருச்சியில் எங்கள் வீட்டில் ஒரே கணினி. முதல் பாகம் 2007 நவம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது, கணினிக்கு 2008 மே மாதம். அந்த வருஷமே ஆட ஆரம்பித்தோம், நானும் என் தங்கையும். பகல் அவளுக்கு, இரவு எனக்கு. எனக்கு ஆண் ஷெப்பர்ட், அவளுக்குப் பெண் ஷெப்பர்ட். ஒரு பாகத்தில் செய்த தேர்வு அடுத்த பாகத்துக்கும் தொடரும் என்பதால், சேமித்த கோப்புகளுக்குத் தனித்தனி ஃபோல்டர். ஒருவர் கதையை மற்றவர் கேட்கக் கூடாது என்று ஒப்பந்தம். ஆனால் சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும், யாரோ போய்விட்டார்கள் என்று.

முதல் பாகத்தில் விர்மைர் என்ற கோளில், க்ரோகன் இனத் தோழன் ரெக்ஸ் துப்பாக்கியைத் தூக்குவானே, அங்கே அவளிடம் பேசிச் சமாளிக்கும் புள்ளிகள் இல்லை. ரெக்ஸ் செத்தான். என் ஆட்டத்தில் பிழைத்தான். இது 2008. நான்கு வருஷம் கழித்து மூன்றாம் பாகத்தில் க்ரோகன்களின் கோளான டுசாங்காவுக்குப் போனால், என் ஆட்டத்தில் அவர்களின் தலைவன் ரெக்ஸ். அவள் ஆட்டத்தில் அவன் சகோதரன் ரீவ், ரத்தவெறி பிடித்தவன். ஜெனோஃபேஜ் என்பது க்ரோகன் இனத்தையே பிள்ளைப் பேறு இல்லாமல் ஆக்கிய நோய். அதைக் குணப்படுத்துவதா வேண்டாமா என்பதுதான் அங்கே கேள்வி. ரெக்ஸ் கையில் அந்த இனத்தைக் கொடுக்கலாம். ரீவ் கையில் கொடுப்பதா?

நான் குணப்படுத்தினேன். எங்கள் குழுவின் விஞ்ஞானி மோர்டின், மருந்தைப் பரப்பும் கோபுரத்தின் மேலே தனியாகப் போனார், பாட்டை முணுமுணுத்துக்கொண்டே. அது வெடித்தது. இந்த வேலையை நான்தான் செய்ய வேண்டும், வேறு யாராவது செய்தால் தப்பாகச் செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போன அந்த மனுஷனுக்காக நான் இரவு ஒரு மணிக்குத் தேம்பி அழுதேன். மறுநாள் தங்கையிடம் கேட்டால், அவள் ஆட்டத்தில் மோர்டின் உயிரோடு இருக்கிறார். ஒப்பந்தத்தை மீறி இரண்டு மணி நேரம் பேசினோம். ஒரே ஆட்டம், ஒரே கணினி, இரண்டு பேருக்கு இரண்டு உலகம். இந்தத் தொடர் மேல் எங்களுக்கு இருந்த காதலே அதுதான்.

நான் ஒரு சனிக்கிழமை இரவு முடித்தேன். ஒன்றும் சொல்லவில்லை, காத்திருந்தேன். ஞாயிறு மத்தியானம் அவள் முடித்தாள். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சிவப்பு, அவள் நீலம். ரிலேக்கள் வெடித்தன. நார்மண்டி விழுந்தது. கதவு திறந்தது. அவள் நாற்காலியைத் திருப்பி, “அண்ணா, உனக்கும் இதேதான் வந்ததா?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் கணினியை முறைப்படி அணைக்கக்கூட இல்லை, சுவிட்சை அழுத்திவிட்டுப் போனாள்.

நான்கு வருஷம் வெவ்வேறு ஆளாக வாழ்ந்த இரண்டு பேர் கடைசியில் ஒரே படத்தைப் பார்த்தோம். ஆட்டத்தின் இயக்குநர் கேஸி ஹட்சன், வெளியீட்டுக்கு இரண்டு மாதம் முன்பு, ஏ, பி, சி என்று எந்த முடிவு கிடைத்தது என்று சொல்லிவிடும் ரகமாக இது இருக்காது என்று பேட்டி கொடுத்திருந்தார். நாங்கள் அதை நம்பினோம்.

13 ஜூன் 2021
மோர்டின் விஷயத்தில் ஒரு திருத்தம். ரெக்ஸ் இறந்தால் மட்டும் போதும் என்று தோன்றும்படி எழுதிவிட்டேன். போதாது. இரண்டாம் பாகத்தில், ஜெனோஃபேஜுக்கு மருந்து தேடிய மேலான் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சித் தரவை அழித்திருக்க வேண்டும். அது இல்லாததால் மூன்றாம் பாகத்தில் ஈவ் என்ற க்ரோகன் பெண் பிழைக்கமாட்டாள். ரெக்ஸும் இல்லை, ஈவும் இல்லை என்றால்தான், க்ரோகன்களை நல்வழியில் நடத்த ஆளில்லை என்று மோர்டினிடமே வாதாடி அவரைத் திருப்ப முடியும். தங்கை 2010-இல் அந்தத் தரவை அழித்தாள், கொடூரமாகச் சேகரித்தது வேண்டாம் என்று. அந்த ஒரு நல்லெண்ணம் ஈவின் உயிரை எடுத்தது, மோர்டினின் உயிரைக் காத்தது. இப்படி நெய்தவர்களா அப்படி முடித்தார்கள்?

15 ஜூன் 2021
அந்தச் சிறுவனைப் பற்றி.

கேட்டலிஸ்ட் என்று ஒரு ஒளிச் சிறுவன் கடைசியில் வந்து நிற்கிறான். நாம் எதிர்த்துப் போராடும் ராட்சத இயந்திரங்களான ரீப்பர்களை ஆட்டிவைப்பவனே அவன்தான். அவன் சொல்வது: படைக்கப்பட்டவை படைத்தவர்களை என்றைக்கும் எதிர்க்கும், இயந்திரமும் உயிரும் சேர்ந்து வாழ முடியாது, அதனால்தான் 50,000 ஆண்டுக்கு ஒருமுறை வளர்ந்த இனங்களை அறுவடை செய்கிறோம்.

இதை நான் எந்த நிலையில் கேட்டேன் என்று பாருங்கள். சில மணி நேரத்துக்கு முன்னால்தான் ரானோக் என்ற கோளில் குவாரியன்களையும் கெத்களையும் சமாதானம் செய்திருந்தேன். குவாரியன்கள் செய்த இயந்திரங்கள்தான் கெத். 300 ஆண்டுப் பகை. எல்லோருக்கும் அந்தச் சமாதானம் கிடைக்காது. இரண்டாம் பாகத்தில் குவாரியன் தோழி டாலி மீதான விசாரணையிலிருந்து எத்தனையோ சரியாக அமைந்திருக்க வேண்டும். எனக்கு அமைந்தது. எங்களோடு சேர்ந்த லீஜியன் என்ற கெத் அங்கே உயிரைக் கொடுக்கும். எப்போதும் ‘நாங்கள்’ என்றே பேசும் இயந்திரம் அது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரல்கள் ஓர் உடம்பில் இருப்பதால். சாகப்போகும் நேரத்தில் முதல்முறையாக ‘நான்’ என்கிறது. எனக்கு ஆன்மா இருக்கிறதா என்று ஒரு கெத் என்றோ கேட்ட கேள்விக்கு டாலி அப்போது ஆமாம் என்று பதில் சொல்கிறாள். அதன் பிறகு ரானோக்கில் கெத்களும் குவாரியன்களும் சேர்ந்து மண்ணைத் திருத்துகிறார்கள்.

இப்போது இந்தச் சிறுவன், உயிரும் இயந்திரமும் சேராது என்கிறான். சேர்ந்துவிட்டதடா, கீழே பார், இரண்டு கப்பற்படையும் உன் கண் முன்னால் ஒன்றாகச் சண்டை போடுகிறது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த வரியைத் தேர்ந்தெடுக்க வழியே கொடுக்கவில்லை.

மூன்று பாகமும் எனக்குக் கற்றுக்கொடுத்தது பேச்சு. முதல் பாகத்தின் வில்லனைப் பேசியே மனம் திருப்பலாம், அவன் தன்னைத் தானே சுட்டுக்கொள்வான். (அவன் பெயரைத் தங்கை எழுத்துக்கூட்டி ‘சேரன்’ என்று படித்தாள். எங்கள் வீட்டில் அவன் இன்று வரை சேர மன்னன்தான்.) மூன்றாம் பாகத்தில் செர்பெரஸ் என்ற அமைப்பின் தலைவன் இல்லூசிவ் மேனையும் அப்படியே வீழ்த்தலாம். அதை முடித்து ஐந்து நிமிடத்தில், ஷெப்பர்ட் ஒரு குழந்தை சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் என் ஷெப்பர்ட் இல்லை.

15 ஜூன் 2021, சற்று நேரம் கழித்து
நிறத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். மூன்று பாகத்திலும் கனிவான பதிலுக்கு நீலம், முரட்டுப் பதிலுக்குச் சிவப்பு. கடைசியில் ஷெப்பர்டின் மேலதிகாரி ஆண்டர்சனின் வழி, அதாவது ரீப்பர்களை அழிப்பது, சிவப்பு. இல்லூசிவ் மேனின் வழி, அவற்றை அடக்கி ஆள்வது, நீலம். ரீப்பர்களை அடக்கி ஆள நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று வாதாடி அவனைச் சாகவிட்ட கையோடு, அதையே எனக்கு நல்லவர் நிறத்தில் நீட்டுகிறார்கள். தங்கை நிறத்தை நம்பி நீலத்துக்குப் போனாள். அதற்காகப் பல நாள் வருந்தினாள்.

20 ஜூன் 2021
தேர்வுகளுக்கு மதிப்பே இல்லை என்று 2012-இல் நானும் கத்தியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். டுசாங்காவும் ரானோக்கும் அதைப் பொய்யாக்குகின்றன.

ஆனால் கை நழுவவிட்டவையும் உண்டு. ராக்னி என்ற பூச்சி இனத்தின் ராணியை முதல் பாகத்தில் கொன்றாலும் மூன்றாம் பாகத்தில் அவள் இடத்தில் இன்னொன்று செய்து வைத்திருப்பார்கள். ஆண்டர்சனை ஆட்சிமன்றமான கவுன்சிலுக்கு அனுப்பினாலும் மூன்றாம் பாகத்தில் நாற்காலியில் இருப்பவர் உடீனா என்ற அரசியல்வாதி. இரண்டாம் பாகத்து எதிரிகளான கலெக்டர்களின் தளத்தை அழித்தாலும் காத்தாலும் செர்பெரஸ் கையில் ஏதோ ஒரு பாகம் போய்ச் சேரும்.

என்னை அதிகம் உறுத்தியது படைபல எண். இரண்டாம் பாகத்தின் கடைசித் தாக்குதலை நினைத்துப் பாருங்கள். குழாய்க்குள் யாரை அனுப்புவது என்று கேட்டார்கள். குழுவின் போர்வீரர் ஜேக்கப் தானே முன்வந்தார், சரி என்றேன். கதவு மூடும் அந்த நொடியில் குண்டடி பட்டு விழுந்தார். தொழில்நுட்பம் தெரிந்த டாலியை அனுப்பியிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள். நான் ஆட்களைச் சரியாக எடைபோடவில்லை, ஒருவர் செத்தார். அந்தத் தப்பு இன்றைக்கும் என்னுடையதுதான்.

மூன்றாம் பாகத்தில் காப்பாற்றிய ஒவ்வொருவரும் ஒரு பட்டியலில் ஒரு வரி, பக்கத்தில் ஒரு எண். கடைசிப் போர் நடக்கும் லண்டன் தெருவில் க்ரோகன் படை வந்து இறங்கும், கெத்கள் ஒரு சுவரை உடைக்கும் என்று காத்திருந்தேன். எண் மட்டும் கூடியது.

அந்த எண்ணிலும் ஒரு கொடுமை. 2012-இல், பலபேர் இணையத்தில் சேர்ந்தாடும் மல்டிபிளேயரில் இறங்காவிட்டால் ஆயத்தநிலை 50 சதவீதத்திலேயே நின்றது, சேர்த்த பலத்தில் பாதிதான் கணக்கு. சிவப்பு முடிவின் கடைசியில் இடிபாட்டுக்குள் ஒரு மூச்சு வாங்கும் காட்சி வர முதல் வெளியீட்டில் குறைந்தது 4000 வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு இணைய டாங்கிள். அதை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களுடன் சேர்ந்து எங்கே ஆடுவது? அந்த மூச்சை நான் வேறொருவர் பதிவேற்றிய காணொளியில்தான் பார்த்தேன். எக்ஸ்டெண்டெட் கட்டில் அதை 3100 ஆக்கினார்கள்.

22 ஜூன் 2021
தங்கை ஞாபகப்படுத்தினாள். இரண்டாம் பாகத்தோடு சேர்ந்த அரைவல் என்ற டிஎல்சியில், அதாவது தனியாகத் தரவிறக்கும் கூடுதல் பகுதியில், ஒரே ஒரு ரிலேவை ஷெப்பர்ட் அழிப்பார். அந்தச் சூரியக் குடும்பமே போகும். பட்டேரியன் என்ற இனத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சாவார்கள். அதை ஆடியவர்கள் மூன்றாம் பாகத்தின் முடிவில் எல்லா ரிலேயும் வெடிப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பூமி போயிற்று, டுசாங்கா போயிற்று, ரானோக் போயிற்று. எல்லோரையும் நானே கொன்றுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். ரிலேக்கள் சேதம் மட்டும்தான் அடைந்தன என்று எக்ஸ்டெண்டெட் கட் சொல்லும்வரை மூன்று மாதம் அந்த எண்ணத்தோடு இருந்திருக்கிறாள். எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

27 ஜூன் 2021
எக்ஸ்டெண்டெட் கட் வந்து நேற்றோடு ஒன்பது வருஷம். அப்போது எங்களுக்குப் புதிதாக பிராட்பேண்ட் வந்திருந்தது. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை தரவிறக்கினால் கணக்கில் வராது என்று ஒரு திட்டம். கிட்டத்தட்ட 2 ஜிபி. தங்கை அலாரம் வைத்து எழுந்து தரவிறக்கத்தைத் தொடங்கிவிட்டு, மின்சாரம் போகாமல் இருக்க வேண்டுமே என்று பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தாள். அந்த நாளில் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று ஞாபகம் இருப்பவர்களுக்குப் புரியும். இரண்டு தடவை அறுந்து, மூன்றாம் இரவுதான் முழுசாக இறங்கியது.

நல்லது நிறையவே செய்திருந்தார்கள். லண்டனில் என் பக்கத்தில் ஓடிவந்த தோழி லியாரா எப்படி நார்மண்டிக்குள் போனாள் என்று தலையைப் பிய்த்துக்கொண்டோமே, அவளை ஏற்றி அனுப்பும் காட்சியைச் சேர்த்தார்கள். அந்த விடைபெறல் எனக்கு மிகவும் பிடிக்கும். சிறுவனிடம் கேட்கக் கூடுதலாகச் சில கேள்விகள் தந்தார்கள். டிஎல்சி வாங்கச் சொன்ன அந்த அறிவிப்பையும் மாற்றினார்கள்.

மறுப்பது என்று நான்காவது வழியையும் வைத்தார்கள். மூன்றும் வேண்டாம் என்று சொல்லலாம், அல்லது அந்தச் சிறுவனைச் சுடலாம். சுட்டால் அவன் குரல் தடித்து, அப்படியே ஆகட்டும் என்பான். எல்லோரும் தோற்பார்கள். லியாரா புதைத்து வைத்த செய்தி அடுத்த யுகத்துக்காரர்கள் கையில் கிடைக்கும். தோல்விதான், ஆனால் அங்கேதான் ஷெப்பர்டுக்குத் தன் குரல் திரும்பி வந்தது. அதை நான் இரண்டு தடவை ஆடியிருக்கிறேன்.

4 ஜூலை 2021
கூச்சல் என்று சொன்னீர்களே, அதில் இதுவும் நடந்தது. ரீடேக் மாஸ் எஃபெக்ட் என்று கூடிய ஆட்டக்காரர்கள் மருத்துவமனைக் குழந்தைகளுக்கு உதவும் சைல்ட்ஸ் பிளே அமைப்புக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டினார்கள். எட்மண்டனில் இருக்கும் பயோவேருக்குச் சுமார் 400 கப்கேக் அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம், உள்ளே எல்லாம் ஒரே வெனிலா. எங்கள் மனக்குறையை இதைவிடத் தெளிவாக நானும் சொல்லிவிட முடியாது. பயோவேர் அவற்றை ஊரிலுள்ள இளைஞர் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டது.

எழுதியவர்களைத் தனிப்பட்ட முறையில் ஏசியவர்களும் இருந்தார்கள். அது தப்பு. இரண்டாம் பாகம் 2010 ஜனவரி, மூன்றாம் பாகம் 2012 மார்ச். இடையில் 26 மாதம். எங்களைப் போல லட்சக்கணக்கானவர்கள் வெவ்வேறு விதமாகச் சேமித்த கதைகளையெல்லாம் அந்த 26 மாதத்தில் வாங்கி, ரெக்ஸா ரீவா, விர்மைரில் பிழைத்தது ஆஷ்லியா கைடனா என்று ஒவ்வொரு அறையிலும் ஆள் மாற்றி எழுதி, நடிகர்களைப் பேசவைத்து முடித்த உழைப்பு அது. அதை மதித்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

18 ஜூலை 2021
தங்கை இப்போது கோயம்புத்தூரில். இங்கே எழுதியதையெல்லாம் போனில் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதைக் கேட்ட பிறகு என் பழைய குறிப்புகள் அரைகுறையாகத் தெரிகின்றன.

“அண்ணா, நீ கடைசிப் பத்து நிமிஷத்தையே முடிவு முடிவுங்கிற. மூணாம் பாகம் முழுக்க முடிவுதானே. மோர்டினுக்கு முடிவு டுசாங்காவுல. லீஜியனுக்கு ரானோக்ல. தேனுக்கு (Thane) ஆஸ்பத்திரிக் கட்டில்ல. எல்லாருக்கும் நல்லபடியா முடிச்சுட்டாங்க, ஷெப்பர்டுக்கு மட்டும்தான் முடிக்கத் தெரியல.”

சரிதான். இரண்டாம் பாகத்துத் தோழன் தேன், சாகும்போது மகனோடு சேர்ந்து செய்த பிரார்த்தனை ஷெப்பர்டுக்காக என்று தெரியும்போது ஏற்படும் நெகிழ்ச்சிக்கு நான் எந்தக் குறையும் சொல்லமாட்டேன். அப்படிப் பார்த்தால் இந்த ஆட்டம் 30 மணி நேரம் நன்றாக முடிந்தது.

அப்புறம் ஏன் எனக்கு ஆறவில்லை? அதற்கு அவளிடமும் பதில் இல்லை.

1 ஆகஸ்ட் 2021
இண்டாக்ட்ரினேஷன் கருதுகோளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ரீப்பர்கள் ஷெப்பர்டின் மனதைப் பிடித்துவிட்டன, கடைசிக் காட்சி முழுக்கப் பிரமை என்று ரசிகர்கள் கட்டிய விளக்கம். ஆட்டத்தின் தொடக்கத்தில் பூமியில் வரும் சிறுவனை (கேட்டலிஸ்ட் அவன் உருவத்தில்தான் வருகிறான்) ஷெப்பர்டைத் தவிர யாரும் கவனிப்பதில்லை என்பதும், லண்டனில் ரீப்பரின் கதிர் அடித்த பிறகு கையிலிருக்கும் துப்பாக்கியில் குண்டு தீர்வதே இல்லை என்பதும் அதற்குச் சான்றுகள். 2012-இல் மூன்று மாதம் நான் அதை மனதார நம்பினேன். எக்ஸ்டெண்டெட் கட் அந்த வழியில் போகவில்லை. எழுதியவர்கள் அப்படி நினைக்கவில்லை என்று இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஆனாலும் அந்தக் காணொளிகளை யாராவது கேலி செய்தால் எனக்குப் பொறுக்காது. ஒரு கதை தங்களைக் கைவிட்டுவிட்டது என்று நம்ப மறுத்தவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து செய்தவை அவை.

29 ஆகஸ்ட் 2021
லெஜண்டரி எடிஷனில் நேற்று இரவு மறுபடியும் முடித்தேன். பழைய ஷெப்பர்டேதான், அதே தேர்வுகள். சிட்டடெல் டிஎல்சியை லண்டனுக்கு முன்னால் ஆடினேன். 2013 மார்ச்சில் வந்த அந்தப் பகுதியில் எல்லோரும் ஷெப்பர்டின் வீட்டுக்கு விருந்துக்கு வருவார்கள். கேரஸ், டாலி, ரெக்ஸ் எல்லோரும் குடித்துவிட்டு உளறுவார்கள், கடைசியில் ஒன்றாகப் படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் ஒரு கல்யாண வீட்டு மொட்டை மாடி மாதிரியே இருக்கும். அந்தப் படத்தோடு நிறுத்திவிடுங்கள், லண்டனுக்குப் போகவே வேண்டாம் என்று பலபேர் சொல்கிறார்கள். நான் போனேன்.

சிவப்பு. இந்தத் தடவை, அழிக்கும் வழிக்காகச் சுட வேண்டிய அந்தக் குழாயைச் சுட எனக்குக் கை எளிதில் வரவில்லை. சிறுவன் தெளிவாகவே சொல்கிறான்: இது ரீப்பர்களை மட்டும் அழிக்காது, கெத்களையும் சேர்த்து அழிக்கும். 2012-இல் இதைக் கேட்டுவிட்டுத்தான் சுட்டேன். நார்மண்டியின் செயற்கை அறிவான ஈடியும் போனாள், ரானோக்கில் இப்போதுதான் ‘நான்’ என்று சொல்லக் கற்ற ஓர் இனமும் போனது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஏன் உறைக்கவில்லை என்று நேற்றுப் புரிந்தது. ஒரு கெத்கூட விழுவதை 2012-இல் எனக்குக் காட்டவில்லை. ஜேக்கப் விழுந்ததைக் காட்டினார்கள். விர்மைரில் நான் விட்டுவிட்டு வந்த கைடனின் கடைசிக் குரலைக் கேட்க வைத்தார்கள். ரானோக்கில் கெத் பக்கம் சாய்ந்தால் டாலி முகமூடியைக் கழற்றிவிட்டுப் பாறையிலிருந்து பின்பக்கமாகச் சாய்வதை, நாம் ஓடிப்போய்ப் பிடிக்க முடியாமல் போவதை, முழுசாகக் காட்டுவார்கள். நீ செய்ததைப் பார் என்று ஒவ்வொரு தடவையும் என் தலையைத் திருப்பி வைத்த தொடர் இது. நான் செய்த ஆகப்பெரிய காரியத்தின்போது மட்டும் என் முகத்தைத் திருப்பி, எங்கோ ஒரு காட்டுக் கோளைக் காட்டிவிட்டது.

12 ஜூன் குறிப்பில் நானும் தங்கையும் ஒரே படத்தைப் பார்த்தோம் என்று குறைப்பட்டிருந்தேன். அது மேலோட்டமான குறை. அவளுடைய நீலத்தில் என்ன ஆனது, என்னுடைய சிவப்பில் என்ன ஆனது என்று இரண்டு பேருக்குமே யாரும் காட்டவில்லை. டாலி அந்தக் கெத்களை அடக்கம் செய்தாளா? லீஜியன் எதற்காகச் செத்தது என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வேன்? நான் கேட்க நினைத்த முடிவு அதுதான்.

30 ஆகஸ்ட் 2021
பச்சையை எடுத்திருக்கலாமே என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாகக் கலப்பது. யாரையும் கேட்காமல் பிரபஞ்சத்தில் உள்ள ஒவ்வொருவர் உடம்பையும் மாற்ற எனக்கு யார் உரிமை கொடுத்தது? கெத்களைக் காப்பாற்ற அது ஒரு வழி என்று தெரிந்தும் என்னால் முடியவில்லை. தங்கை, அடுத்த முறை பச்சைதான் என்கிறாள். அவள் ஆட்டம், அவள் கணக்கு.

8 நவம்பர் 2021
நேற்று N7 நாள். N7 என்பது ஷெப்பர்டின் கவசத்தில் இருக்கும் சிறப்புப் படைக் குறி. நவம்பர் 7-ஐ ரசிகர்கள் அப்படித்தான் கொண்டாடுகிறோம். பயோவேர் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு சுவரொட்டி வெளியிட்டிருக்கிறது. நான்கு பேர் ஒரு பெரிய பள்ளத்தை நோக்கி நடக்கிறார்கள். கைப்பேசியில் சின்னதாகப் பார்த்தபோது எரிகல் விழுந்த குழி என்று நினைத்தேன். தங்கைதான் பெரிதாக்கி ஒரு வட்டம் போட்டு அனுப்பினாள். பள்ளத்தின் வடிவம் ஒரு கெத்தின் தலை. நடுவில் ஒற்றை விளக்கு இருக்க வேண்டிய இடம்.

என்ன அர்த்தம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் அலுவலகத்தில் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பதில் அனுப்பினேன்: “அது நான் செஞ்சது.”

“தெரியும்ணா,” என்று வந்தது.